பச்சை பிடித்த உப்புத் தொட்டி

காலையில் எழுந்ததும் மற்றவர்கள் சாமி படத்தைப் பார்ப்பார்கள், உள்ளங்கையைப் பார்ப்பார்கள். நான் கூடத்துத் தொட்டியின் கண்ணாடியைப் பார்ப்பேன். கண்ணாடியில் பச்சை படிந்திருந்தால் நேரே வாசலுக்குப் போய் அவருடைய செருப்பு கிடக்கிறதா என்று பார்ப்பேன். செருப்பு கிடந்தால்தான் எனக்கு மூச்சே வரும். அதற்கப்புறம்தான் அடுப்பு, பால், வாசல் தெளிப்பது எல்லாம். எண்பதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் எங்கள் வீட்டில் பொழுது இப்படித்தான் விடிந்தது.

அவர் என்றால் என் வீட்டுக்காரர். கப்பற்படையில் முக்குளிக்கும் வேலை பார்த்தவர். கப்பலின் அடிப்பக்கம் போய் வேலை முடித்துவிட்டு வருவது அவருக்கு, நாம் கிணற்றில் தண்ணீர் இறைத்துவிட்டு வருகிற மாதிரி. ஒருநாள் ஆழத்தில் இடது காதின் ஜவ்வு கிழிந்துபோனது. ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவரிடம், இனிமேல் தண்ணீருக்குள் தலையை முக்கக்கூடாது, முக்கினால் மிச்சமிருக்கிற காதும் போய்விடும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எழுபதுகளின் கடைசியில் டிரங்குப் பெட்டியோடு தென்காசி ஸ்டேஷனில் இறங்கினார். கடல் எங்கே, தென்காசி எங்கே! மேற்கே திரும்பினால் மலை, கிழக்கே திரும்பினால் வயல்.

வந்தவர் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், இலையைப் பார்ப்பார், எழுந்து போய்விடுவார். இடது பக்கம் நின்று பேசினால் காது கேட்காது, வலது பக்கம் நின்று பேசினால் மனசு கேட்காது. நான் சண்டை போட்டுப் பார்த்தேன். சண்டைக்கும் ஆள் வரவில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டைகூட இல்லாமல் போவது எவ்வளவு பெரிய பயம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

வீட்டில் எங்களோடு அவருடைய அக்காவும் இருந்தார். எனக்கு மதினி. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். புருஷன் போன பிறகு தம்பியே கதி என்று எங்களோடு வந்துவிட்டார். எனக்கும் மதினிக்கும் ஆகாது என்று சொல்ல முடியாது. ஆகும் என்றும் சொல்ல முடியாது. எனக்கு வாய் நீளம். மதினி பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பேசுவார், அந்த ஒன்றும் சாமியிடம் பேசுகிற மாதிரி முனகலாக இருக்கும்.

அவர் வந்த மறு வருஷம் பங்குனி மாதம், சொல்லாமல் கொள்ளாமல் குற்றாலத்துக்குப் போய்விட்டார். சீசன் இல்லாத காலம். குற்றாலத்துப் பேரருவி மேலிருந்து நேராக நம் தலையில் வந்து விழுவதில்லை. நடுவில் பாறைக்குள் பொங்குமாங்கடல் என்று ஒரு பள்ளம் உண்டு. அதில் விழுந்து பொங்கித்தான் கீழே வரும். அது ஆளை விழுங்குகிற பள்ளம் என்று எங்கள் பக்கம் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அதன் விளிம்பில் இவர் நின்றதைக் கீழே எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவர் பார்த்து, ஏறிப்போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்து, பஸ் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

"எதுக்குங்க அங்கன போனிய?" என்று கேட்டேன்.

"ஆழம் எவ்வளவுன்னு பாத்தேன்," என்றார்.

நானும் மதினியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அன்றிலிருந்து அந்தப் பேச்சை நாங்கள் மூன்று பேருமே எடுத்ததில்லை. நான் அவருடைய செருப்பைப் பார்க்க ஆரம்பித்தது அப்போதுதான். மதினி வெள்ளிக்கிழமை தவறாமல் பண்பொழிக்குப் போய்த் திருமலை முருகனுக்கு மலையேற ஆரம்பித்ததும் அப்போதுதான்.

தூத்துக்குடியிலிருந்து உப்பு ஏற்றிக்கொண்டு செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்குப் போகிற லாரிகள் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். அதில் ஒரு டிரைவருக்கு இவரைச் சின்ன வயதிலேயே பழக்கம். ஒருநாள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இவரைப் பார்க்க வந்தார். கையில் தூக்குவாளி. வாளிக்குள் கடல் தண்ணீர், அதில் மஞ்சளும் கறுப்புமாய்ப் பட்டை போட்ட ஒரு மீன்.

"சும்மா வலையில வந்துச்சாம், அண்ணாச்சி. ஒங்களுக்குப் பிடிக்குமேன்னு வாங்கியாந்தேன்," என்றார்.

மீன் மறுநாளே செத்துப்போனது. ஆனால் இவர் எழுந்துவிட்டார். நாற்காலியைத் திருப்பிப் போட்டார். "தண்ணி கெட்டுருச்சி, அதான் செத்துருச்சி. தண்ணிய ஓட விட்டுக்கிட்டே இருந்தா சாகாது," என்று என்னிடம் சொன்னார். கேட்காமலே சொன்னார்! நான் அடுப்படிக்குள் போய், யாருக்கும் தெரியாமல் அழுதுவிட்டு வந்தேன்.

அப்படி வந்ததுதான் அந்தத் தொட்டி. பட்டறையில் சொல்லி ஆங்கிள் இரும்பில் சட்டம் அடித்து, கனத்த கண்ணாடியை மக்கு வைத்துப் பதித்து, துருப்பிடிக்காமல் பெயின்டின்மேல் பெயின்ட் அடித்து, கூடத்தின் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு நிறுத்தினார். கட்டில் போட்டிருந்த இடம் அது. கட்டில் பின்கட்டுக்குப் போனது. டிரைவர் ஒவ்வொரு நடையிலும் உப்பு மூட்டைகளுக்கு நடுவே பேரலில் கடல் தண்ணீர் கொண்டுவந்து இறக்கினார். சுண்ணாம்புச் சூளைக்கென்று கடலிலிருந்து எடுத்துக் குவிக்கிற பவளக்கல்லில், காயாத கல்லாகப் பார்த்து ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். அடியில் ஓட்டை போட்ட குழாய், அதன்மேல் பவளச் சில்லு, மெட்ராஸிலிருந்து வரவழைத்த காற்றடிக்கிற மோட்டார். அது இருபத்துநாலு மணி நேரமும் குறுகுறுவென்று சத்தம் போடும். பால்காரரைச் சந்தேகப்பட்டு மதினி வாங்கி வைத்திருந்த பால்மானியை எடுத்துத் தொட்டியில் மிதக்கவிட்டு, தண்ணீரில் உப்பு கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார் இவர்.

செத்த கல் என்று நான் நினைத்ததிலிருந்து உயிர் புறப்பட்டது. ஒரு கல்லின் இடுக்கில் சின்ன நண்டு. இன்னொன்றில் மயிரிழைக் கால்களை நீட்டி நீட்டி இழுத்துக்கொள்கிற புழு. அப்புறம் டிரைவர் மீன்களும் கடல் சாமந்தி ஒன்றும் கொண்டுவந்தார். சாமந்தி பூ இல்லை, அதுவும் ஒரு ஜீவன்தானாம். அதன் விரல்களுக்குள்ளே பட்டை போட்ட மீன் படுத்துப் புரளும். "ஏட்டி, இங்க வா, இதப் பாரு, வெரசா வா!" என்று அவர் கூப்பிடுவார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. எனக்கு மீனும் தெரியாது, நண்டும் தெரியாது. ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் நிற்பேன்.

முதல் தொட்டியைக் கொன்றது கரண்டு. கோடையில் ஒருநாள் காலையில் போனது, மத்தியானம் தாண்டியும் வரவில்லை. மோட்டார் நின்ற உடனே வீடு அமைதியாகிவிட்டது. அந்த அமைதியே என்னைப் பயமுறுத்தியது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. இவர் செம்பால் தண்ணீரை மொண்டு உயரத் தூக்கி ஊற்றினார். நானும் ஊற்றினேன், மதினியும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஊற்றினார். தோள்பட்டை கழன்றுவிடும்போல் ஊற்றினோம். சாயங்காலம் விளக்கு எரிந்தபோது தொட்டியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மறுநாள் தெருவே மூக்கைப் பொத்தியது. தென்னைமரத்தடியில் குழி தோண்டி எல்லாவற்றையும் போட்டுவிட்டு, இவர் திரும்பவும் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

நான் விடவில்லை. டிரைவர் அடுத்த நடை வந்தபோது வழிமறித்துப் பிடித்துக்கொண்டேன். "அண்ணாச்சி, மறுபடியும் தண்ணி கொண்டாங்க. அவ்வொ வேண்டாம்னாலும் கொண்டாங்க," என்றேன். டிரைவர் தண்ணீரோடு பழைய லாரி டியூப் ஒன்றையும் கொண்டுவந்தார். அதில் காற்றை அடைத்து வைத்துக்கொண்டு, கரண்டு போனால் மெல்லிய குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டிக்குள் விடலாம் என்றார். அதைக் கேட்டதும் இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வால்வ எப்படித் தொறந்து விடுவ?" என்று ஒரு கேள்வி கேட்டார். எனக்கு அது போதும்.

இரண்டாம் முறை, புது மீனும் புதுக் கடல் சாமந்தியுமாக நிரப்பிய தொட்டிக்குக் கரண்டால் ஆபத்து வரவில்லை. பச்சை வந்தது.

முதலில் கண்ணாடியில் பழுப்பாக ஒரு தூசு. அது புதுத்தொட்டியில் வரத்தான் செய்யும், தானாகப் போய்விடும் என்றார். போகவில்லை. பழுப்பு பச்சையானது. பச்சை கனத்தது. அப்புறம் கற்களின்மேல் முடி முளைக்கிற மாதிரிப் பாசி முளைத்து, இழை இழையாய் நீண்டு, கடல் சாமந்தியையே மூடப் பார்த்தது. இவர் பழைய பிளேடால் கண்ணாடியைச் சுரண்டினார், தேங்காய் நாரால் கல்லைத் தேய்த்தார். காலையில் சுரண்டியது சாயங்காலம் திரும்பி வந்தது. கூரையிலிருந்த கண்ணாடி ஓட்டின் வழியே விழுகிற வெயில்தான் காரணம் என்று அதைச் சாக்கால் மூடினார். கூடமே இருட்டானது, பாசிக்கு ஒன்றும் ஆகவில்லை. மீனுக்குத் தீனியைப் பாதியாகக் குறைத்தார். தண்ணீர் வற்றினால் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவதை விட்டுவிட்டு மழைத்தண்ணீரைப் பிடித்து ஊற்றினார். சாரல் காலமாதலால் மழைத்தண்ணீருக்குப் பஞ்சமில்லை. பாசிக்கும் பஞ்சமில்லை.

பாசி கூடக் கூட இவர் பேச்சு குறைந்தது. அதுதான் என்னைத் தின்றது. தொட்டி என்ன ஆனால் எனக்கென்ன? ஒரு கண் கண்ணாடியில், ஒரு கண் அவர்மேல். அவர் செருப்பை மாட்டினால் நான் கறிவேப்பிலை வாங்குகிற சாக்கில் பின்னாலேயே போவேன். பெரிய கோயிலின் மொட்டைக் கோபுரத்துப் பக்கம் திரும்பினால் சரி, குற்றாலம் பஸ் நிற்கிற பக்கம் திரும்பினால் என் கால் தரையில் பாவாது. வீட்டில் கறிவேப்பிலை காய்ந்து மக்கிக் கிடந்தது.

கடைசியில் தொட்டி முழுவதையும் காலி செய்தார். கற்களை மாடியில் வெயிலில் போட்டு, தேய்த்து, மறுபடி புதுத்தண்ணீர் வரவழைத்து மூன்றாம் முறை நிரப்பினார். டிரைவர் சலிக்கவே இல்லை. புதுக் கல், புது மீன், வேறொரு கடல் சாமந்தி. தண்ணீர் பளிங்காக இருந்தது. இரண்டு மாதம் வீட்டில் சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. அப்புறம் ஒரு காலையில் எழுந்துவந்து பார்க்கிறேன், கண்ணாடியின் ஓரத்தில் விரல் அகலத்துக்குப் பச்சை. நான் முந்தானையால் துடைக்கப் பார்த்தேன். பச்சை உள்ளேயல்லவா இருக்கிறது, பைத்தியக்காரி!

டிரைவர் அடுத்த முறை வந்தபோது பார்த்துவிட்டு மோவாயைத் தடவினார். "கடல்ல கழிவு கலக்கிற எடத்துலதான் அண்ணாச்சி இப்படிப் பாசி கெட்டும். இதுக்கு எங்கன இருந்தோ எரு கெடைக்கி. யாரோ ஊட்டி வளக்குற மாதிரில்லா இருக்கு."

டிரைவர் போனதும் இவர் என்மேல் பாய்ந்தார். "ஒன் சோப்புத்தூள்தான்டி! துணி துவைச்ச கைய அப்படியே உள்ள விடுத!"

"ஆமா, நான் சோப்பு போட்டுத்தான் மீனக் குளிப்பாட்டுதேன்! என் சோப்பு கெணத்தடியில கெடக்கு, ஒங்க தொட்டி கூடத்துல கெடக்கு. அது நடந்து வருமோ?"

"பின்ன யாரு போடுதா?"

"எனக்கு எப்படித் தெரியும்? ஒங்க தொட்டிக்குக் காவலா நான்? ஒங்களுக்குத்தான் காவலு!"

வாயைவிட்டு வந்துவிட்டது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். காவல் என்றால் எதற்குக் காவல் என்று அவருக்கு விளங்கிவிட்டது. பிளேடை எடுத்துக்கொண்டு சுரண்டப் போனார். மதினி பூஜையறை வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மதினியின் உதடு மட்டும் அசைந்தது.

அதற்குப் பிறகு பச்சை வேகமெடுத்தது. கடல் சாமந்தி சுருங்கி, ஒரு நாள் வழவழவென்று கரைந்து நாறியது. மீன்கள் ஒவ்வொன்றாய்ப் போயின. இவர் முழங்கை வரை கையை விட்டு அழுகலை அள்ளி அள்ளிக் கொட்டினார். சட்டையெல்லாம் பாசி நாற்றம். குளித்தாலும் போகாத நாற்றம். மறுபடியும் பங்குனி பிறந்தது. அந்த மாதத்தின் பேரே எனக்குப் பிடிக்காது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிவிட்டு, சாதாரணமாகச் சொன்னார்: "சாயந்தரம் தொட்டிய உடைச்சிரலாம். பட்டறையில சொல்லிட்டு வாரேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்கமாட்டேன். பொறுமையாகச் சொன்னார். பட்டறை இரண்டு தெரு தள்ளித்தான். சரி, பட்டறைக்குத்தானே என்று மனதை அடக்கிக்கொண்டு பின்கட்டில் துணியை அலசப் போனேன். அலசி முடித்து, காயப்போட்டு, பருப்பும் வெந்துவிட்டது. அவர் வரவில்லை. வாசலுக்குப் போகலாம் என்று கூடத்துக்கு வந்தேன்.

மதினி பண்பொழியிலிருந்து திரும்பிவிட்டிருந்தார். ஸ்டூலில் ஏறித் தொட்டியின்மேல் குனிந்து நின்றார். கையில் கோயில் திருநீற்றுப் பொட்டலம். கண்ணை மூடி ஏதோ முனகிக்கொண்டே ஒரு கை நிறைய அள்ளித் தண்ணீரில் போட்டார். தண்ணீர் பால்போல் வெளுத்துக் கலங்கியது. இன்னொரு கை அள்ளினார்.

"மதினி! என்ன செய்யுதிய?"

மதினிக்கு உடம்பு தூக்கிப்போட்டது. ஆனாலும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுத்தான் இறங்கினார்.

"எத்தன நாளா நடக்கு இது?"

"வெள்ளி தவறாம போடுதேன். அவன் கடைக்குப் போற நேரமாப் பாத்து. மொதல்ல சிட்டிகதான் போட்டேன். பெறகு பாசி கூடிக்கிட்டே போச்சா, நானும் கூடப் போட்டேன்."

என் பிறந்த வீடு பாவூர்சத்திரத்துப் பக்கம் காய்கறித் தோட்டம். அவரைப் பந்தல் வதங்கினால் என் அப்பா முதலில் தேடுவது சாணச் சாம்பலைத்தான். இரண்டு கூடை போட்டுத் தண்ணீர் விட்டால் ஒரே வாரத்தில் பந்தல் கிடுகிடுவென்று ஏறும். திருநீறு வேறென்ன? பசுஞ்சாணத்தைச் சுட்ட சாம்பல்தானே. பாசிக்கு வாரா வாரம் எருப் போட்டு, அது வளர்ந்துவிட்டதே என்று இன்னும் கொஞ்சம் எருப் போட்டிருக்கிறார் மகராசி!

"பாவி, இதுதான் மதினி எரு! நீங்க போட்ட சாம்பலத் தின்னுதான் பாசி இந்த ஆட்டம் ஆடுது! மீனுக்கு யாராவது திருநீறு போடுவாளா?"

"மீனுக்கா போட்டேன்?" மதினியின் குரல் அன்றைக்குத்தான் முதல்முறையாக உயர்ந்தது. "மீனு இருந்தா என்ன, செத்தா என்ன எனக்கு! அன்னைக்குக் குத்தாலத்துக்குப் போனான் பாரு, அன்னையில இருந்து அவன் நெத்தியில திருநீறு தங்கல. நான் பூசிவிட்டா தொடச்சிருதான். தொடாதக்கான்னு கைய தட்டி விடுதான். நான் என்ன செய்ய, சொல்லு? நாள் பூராவும் கைய இந்தத் தண்ணிக்குள்ள விட்டுக்கிட்டுத்தான கெடக்கான். நெத்தியில இல்லாட்டாலும் அவன் கையிலயாவது பட்டும்னு போட்டேன்ட்டி."

இந்த வீட்டில் நான் ஒருத்திதான் அவருக்குக் காவல் நிற்கிறேன் என்று இறுமாப்பாக இருந்தேனே! மதினி நின்ற காவல் எனக்குத் தெரியாமல் போயிற்று.

"அவன் எங்க?" என்று மதினி கேட்டார்.

அதற்குள் என் கால் வாசலில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி கோலப்பொடி சலித்துக்கொண்டிருந்தாள். "ஒங்க வீட்டுக்காரரா? அப்பவே குத்தாலம் பஸ்ஸுல ஏறிட்டாவளே," என்றாள்.

அடுப்பை அணைத்தேனா என்றுகூட நினைவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் ஓடினோம். பஸ்ஸில் மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார். விரலிலிருந்த திருநீறு என் கையெல்லாம் ஒட்டியது. பஸ் டிரைவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆற அமர நிறுத்தி ஆள் ஏற்றினார். எழுந்துபோய் அவரை நாலு கேள்வி கேட்கலாமா என்று வந்தது எனக்கு.

குற்றாலம் வெறிச்சோடிக் கிடந்தது. கடைகளுக்குச் சாக்குப் படுதா. அருவியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வழிந்தது. குரங்குகள்தான் பாதையை அடைத்துக்கொண்டிருந்தன. பாறை காய்ந்திருந்ததால் யார் வேண்டுமானாலும் ஏறிவிடலாம். மதினிக்கு முழங்கால் வலி. ஆனால் என்னை முந்திக்கொண்டு ஏறினார். ஏறிக்கொண்டே, "தம்பி! ஏய்யா! தம்பி!" என்று கத்தினார். பாறையில் பட்டு எங்கள் குரல்தான் எங்களுக்குத் திரும்பி வந்தது. வேறு சத்தமே இல்லை.

பொங்குமாங்கடலின் விளிம்புக்கு வந்தோம். பாறையின்மேல் அவருடைய செருப்பு. ஜோடியாக, ஒழுங்காக வைத்த செருப்பு. அதற்குப் பக்கத்தில் அவருடைய சட்டை.

மதினி அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் விளிம்பில் குப்புறப் படுத்து உள்ளே பார்த்தேன். கறுப்புத் தண்ணீர். அசைவே இல்லை. எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை, அந்தத் தண்ணீரைப் பார்த்துக் கத்தினேன். அவரைத் திட்டினேன். படுபாவி, பேசாமலே போயிட்டியே என்றேன். தொட்டி உடைஞ்சா உடையட்டும், ஆயிரம் தொட்டி நான் வாங்கித் தாரேன், வெளியே வாரும் என்றேன்.

"ஏட்டி, யாரக் கூப்பிடுத?"

குரல் மேலேயிருந்து வந்தது. அண்ணாந்து பார்த்தேன். எங்களுக்கு மேலே இன்னொரு பாறை நிழலில் வெறும் மேலோடு உட்கார்ந்திருந்தார். இடது காதுப் பக்கம் நாங்கள். நாங்கள் ஏறி வந்ததும் மதினி கூப்பிட்டதும் அவருக்குக் கேட்கவில்லை. நான் தண்ணீரைப் பார்த்துக் கத்திய பிறகுதான் திரும்பியிருக்கிறார். நான் தவழ்ந்துதான் போனேன். போய் அவர் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். அவர் தடுக்கவில்லை.

மதினி மூச்சு வாங்க ஏறிவந்து வலது காதுப் பக்கமாகப் போய் நின்றார். "தம்பி, பாசிக்கு நான்தான்யா காரணம். திருநீற அள்ளி அள்ளிப் போட்டேன். ஒன் கையில பட்டும்னு போட்டேன். எருவாப் போச்சாம்யா. தெரியாமச் செஞ்சிட்டேன்," என்று சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

அவர் மதினியின் கையைப் பிடித்து நிறுத்தினார். பிடித்த கையை விரித்துப் பார்த்தார். கோடுகளிலெல்லாம் வெள்ளையாய் ஒட்டியிருந்தது. கத்துவார் என்று நான் பயந்தேன். அத்தனை மாத உழைப்பு, அத்தனை உயிர்கள். கத்தியிருந்தால் அது நியாயம்தான்.

"பொட்டலத்துல மிச்சம் இருக்காக்கா?" என்றார்.

மதினி இடுப்பிலிருந்து எடுத்தார். வியர்வையில் காகிதம் நனைந்து கிழிந்திருந்தது. அவர் குனிந்து நெற்றியைக் காட்டினார். "இனிமே தொட்டியில போடாத. இங்க போடு," என்றார். மதினி பூசினார். கண்ணிலும் மூக்கிலும் விழுந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார், துடைக்கவில்லை.

மதினி அந்தப் பாறையிலேயே சாய்ந்து அழுது ஓய்ந்த பிறகு, அத்தனை நாளும் கேட்கப் பயந்ததை நான் கேட்டேன். "இன்னைக்கு எதுக்குங்க இங்க வந்திய? என்கிட்ட மறைக்காதிய."

"நீ பயந்ததுக்குத்தான் வந்தேன்," என்றார். "செருப்பக் கழத்தி வச்சிட்டேன். குனிஞ்சா சட்டை நாறுது. பாசி நாத்தம். இந்த நாத்தத்தோடயா போறதுன்னு கழத்தி அலசினேன். அலசிப் போட்டவன், காயட்டுமேன்னு மேல ஏறி உக்காந்தேன்."

நான் அவர் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவரே சொன்னார்: "கல்லையெல்லாம் மறுபடியும் நல்லாத் தேச்சுக் கழுவணும். சாம்பல் இடுக்குல போய் உக்காந்திருக்கும். அந்தச் சில்லு பூராவையும் மாத்தணும்."

"மாத்துவோம்," என்றேன்.

நான் இறங்கிப்போய்ச் சட்டையைத் தொட்டுப் பார்த்தேன். காலரிலும் கையிலும் இன்னும் ஈரம் இருந்தது. அதை வெயில் விழுகிற பக்கமாக இழுத்து விரித்துவிட்டு மேலே ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மதினி அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். சட்டை காய்கிற வரைக்கும் மூன்று பேரும் அங்கேயே இருந்தோம்.